நாற்பத்து மூன்று வீடுகளின் பில் கலெக்டர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மாடித் தொட்டியில் மிதவை வால்வை மாற்றியது. 2025 ஜனவரி, பொங்கலுக்கு மறுநாள் காலை. பெனிஷா காலியான தொட்டிக்குள் இறங்கி நின்றாள். இருதயம் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஸ்பேனரையும் டெஃப்லான் டேப்பையும் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தார்.

"எத்தன சுத்து சுத்துற?"

"பன்னெண்டு."

"பிளம்பர் ஆறுதான் சுத்துவான்."

"அதான் வருஷா வருஷம் ஒழுகுது."

"அவனும் பொழைக்கணும்ல ஆத்தா."

இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. தண்ணீர் ஏறியது, மிதவை எழும்பியது, நின்றது. இருதயம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஒழுகல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஏழு மாதம் உயிரோடிருந்தார். அந்த ஏழு மாதமும் அவள் அவரைப் போனில்தான் பார்த்தாள்.

பெனிஷா கலிபோர்னியாவில் ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். அப்பா பேரூராட்சியில் பில் கலெக்டர். வீட்டு வரி, தண்ணீர் வரி, கடை உரிமம் என்று முப்பத்தொரு வருஷம் வசூல் செய்து 2014-ல் ஓய்வு பெற்றவர். ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில். வீடு மாதா கோவில் தெருவில். அவருடைய கடைசி ஒன்றரை வருஷம் முழுக்க ஒரே காரியத்தில் போனது. தன் கையால் கோணலாக்கிய ஒன்றைத் தன் கையாலேயே நிமிர்த்திவிட வேண்டும் என்று அலைந்தார். அந்தக் காரியம் அவருக்குப் பிடிபட்ட இடம் அமெரிக்கா.

பில் கலெக்டர் தெருவில் வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். தோளில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் ரசீது புத்தகம், முப்பது மீட்டர் டேப். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். ஒருமுறை ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஆண் குரல், "வீட்டுல ஆம்பளைக யாரும் இல்ல" என்றது. இருதயம், "சரிப்பா, வந்ததும் சொல்லு, இருதயம் வந்துட்டுப் போனாகன்னு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. லஞ்சத்துக்குக் கை நீட்டினார் என்றும் யாரும் சொன்னதில்லை. தன் வீட்டுக்குத் தானே அளந்து, காங்கிரீட் தளம் என்று எழுதி, முழு வரி போட்டுக்கொண்டவர்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு" என்பார். அதற்குச் சாட்சியாக அவர் சொல்லுவது முருகம்மாளின் கதையை.

முருகம்மாள் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெண். புருஷன் செத்த பிறகு மலையிலிருந்து கீழே இறங்கி, வாய்க்கால் பக்கம் புதுத்தெருவில் ஒன்றரை அறை வீடு கட்டினாள். விடியற்காலம் கம்பத்திலிருந்து கிளம்பும் ஜீப்பில் கேரளத்துக்குப் போய் இருட்டுகிற நேரத்தில் திரும்புவாள். ஞாயிறு மட்டும்தான் வீட்டில். 2009-ல் மூன்று அரையாண்டு வரி பாக்கி. இருதயம் நோட்டீஸ் கொடுத்தார், இன்னொரு நோட்டீஸ் கொடுத்தார், பிறகு ஆளைக் கூட்டிப் போய்க் குடிநீர் இணைப்பைத் துண்டித்தார். நாற்பது நாள் அவள் வாய்க்காலிலிருந்து தண்ணீர் சுமந்தாள். ரெண்டு வெள்ளாட்டை விற்றுக் கட்டினாள். அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் இருதயம் சொன்னது பெனிஷாவுக்கு நினைவிருந்தது.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா அவளுக்கு விட்டா, நாளைக்கு மாதா கோவில் தெருவுல கேப்பாக. எனக்கு ரெண்டு அளவு கெடையாது."

2023 செப்டம்பரில் இருதயமும் மனைவி செலினும் மகள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்குப் போனார்கள். அக்டோபரில் வீட்டு வரி நோட்டீஸ் வந்தது. கவரைப் பிரித்தது இருதயம்தான். டிமாண்ட் நோட்டீஸ் எந்த ஊரில் வந்தாலும் அவர் கை தானாகப் போகும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"ஏத்தா, இது அரையாண்டுக்கா, வருஷத்துக்கா?"

"வருஷத்துக்கு. ரெண்டு தவணை."

"நம்ம ஊருல ஒரு வார்டுக்கே இம்புட்டு டிமாண்ட் கெடையாது." நோட்டீசை மடித்துக்கொண்டே, "பக்கத்து வீட்டம்மாவுக்கு எம்புட்டு?" என்றார்.

அங்கே யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பெனிஷா காட்டினாள். ஒரே ஆள் கட்டிய ரெண்டு வீடு. ஒரே பரப்பு, ஒரே வயசு, நடுவில் ஒரு மரவேலி. பெனிஷா கட்டும் வரியில் பத்தில் ஒரு பங்குதான் அந்த வீட்டுக்கு.

"அசெஸ்மென்ட்ல தப்பு பண்ணிருக்காக."

"தப்பு இல்லப்பா. இங்க சட்டமே அப்படித்தான்."

அவள் சொன்னாள். 1978-ல் இந்த மாநிலத்து ஜனங்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம். வீடு வாங்கின விலைக்குத்தான் வரி. ஏற்றினாலும் வருஷத்துக்கு நூற்றுக்கு ரெண்டுக்கு மேல் கூடாது. வீடு கைமாறினால்தான் புது மதிப்பு. பழைய ஆள் பழைய விலைக்குக் கட்டுவார், நேற்று வந்தவள் நேற்றைய விலைக்குக் கட்டுவாள். எதிர்த்துப் போட்ட வழக்கும் கோர்ட்டில் நிற்கவில்லை.

இருதயம் நம்பவில்லை. முப்பத்தொரு வருஷ சர்வீஸ் சும்மா இருக்க விடவில்லை. மறுநாள் செலின் சுட்ட முறுக்கை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அப்பா, இங்க யாரும் இப்படிப் போய் வரியப் பத்திக் கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கவா போறேன்? முறுக்குக் குடுக்கப் போறேன்."

அந்த அம்மாள் பேர் டோரீன். எழுபத்தைந்து வயசு, தனி ஆள். முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பல்லைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள். இருதயம் ரெண்டாவது வாக்கியத்திலேயே கேட்டுவிட்டார். பெனிஷா கூசிக்கொண்டு மொழிபெயர்த்தாள். டோரீன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வருஷங்களில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது, அதோடு வரியும் ஏறியது. அவளுடைய அம்மா விதவை, வருமானம் ஏறவில்லை. ஒவ்வொரு நோட்டீஸ் வரும்போதும் அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுவாள். வீட்டை விற்றுவிட்டு எங்கே போவது? "நாங்கள் பேராசைப்பட்டு ஓட்டுப் போடவில்லை. பயந்து போட்டோம்" என்றாள் டோரீன். அம்மாவுக்குப் பிறகு வீடு மகளுக்கு வந்தது. பெற்ற பிள்ளைக்கு வந்தால் கைமாறின கணக்கில் சேராது, பழைய வரியும் கூடவே வந்தது.

ஒரு ஏமாற்றுக்காரியைப் பார்க்கலாம் என்று போன இருதயம், திரும்பி வரும்போது காலித் தட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பிறகு ஒரு வாரம், காலை நடையில், மகளை விடவில்லை. பில் கலெக்டர் தணிக்கைக்கு உட்கார்ந்த மாதிரிக் கேள்விகள்.

"இந்த ஒரு மாநிலத்தோட நின்னுச்சா?"

நிற்கவில்லை என்றாள். அதைப் பார்த்துப் பல மாநிலங்கள் வரிக்கு உச்சவரம்பு போட்டன. மூன்று வருஷத்தில் மத்திய அரசே வருமான வரியைப் பெரிய அளவில் குறைத்தது. குறைத்தால் தொழில் வளரும், வளர்ந்தால் வரி தானாக வரும் என்றார்கள். சொன்ன அளவுக்கு வரவில்லை, கடன் ஏறியது. பிறகு தேர்தலில் நிற்கிறவர்கள் இனி எந்த வரியையும் ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் வழக்கம் வந்தது.

"யாருக்கு எழுதித் தருவாக? கோர்ட்டுக்கா?"

"ஒரு சங்கத்துக்கு."

"சங்கத்துக்கா? அரசியல் சட்டத்த விடச் சங்கம் பெருசா?" இருதயம் நடுரோட்டில் நின்று சிரித்தார். "யாராவது மீறுனா?"

ஒருத்தர் மீறினார். புது வரி இல்லை என்று சொல்லி ஜனாதிபதியானவர், பற்றாக்குறையைச் சமாளிக்க வரியை ஏற்றினார். அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்குப் பிறகு அவர் கட்சியில் பெரிய தலை எதுவும் வரியை ஏற்றும் பக்கம் போகவில்லை. 2001-ல் குறைத்தார்கள், 2003-ல் குறைத்தார்கள், 2017-ல் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பெரிய லாபம் மேலே இருக்கிறவர்களுக்கு.

"நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரிப்பா. ஒரு பக்கம்தான் போகும். குறைக்கலாம், ஏத்த முடியாது."

"அப்ப பள்ளிக்கூடம், ரோடு?"

"கடன் வாங்குவாங்க. இல்லன்னா புதுசா வீடு கட்டுறவங்க தலைல கட்டணமாப் போடுவாங்க. எங்க ஆபீஸ்ல பழைய குழாய மாத்தக் காசு இல்ல, புது இணைப்புக்கு வாங்குற கட்டணம்தான் பெருசு."

இருதயம் நூலகத்துப் பக்கம் திரும்பினார். நூலக வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. வாரத்தில் நாலு நாள் மட்டும் திறந்திருக்கும் என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அந்தம்மா பயந்தது நெசம். நம்மளும் பயப்படுவோம். ஆனா பயத்துல போட்ட பூட்ட, பயம் போன பெறகும் யாரும் தெறக்கலையே" என்றார். பிறகு, "நம்ம தெருவுலயும் டோரீன் இருக்காக. நாப்பத்தி மூணு டோரீன்" என்றார்.

பெனிஷாவுக்குப் புரியவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தொண்ணூற்றெட்டில் வரி சீராய்வு வந்தது. மாதா கோவில் தெருவில் அப்போதுதான் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் காங்கிரீட் ஆகிக்கொண்டிருந்தன. ஓட்டுக்கு வரி குறைவு, காங்கிரீட்டுக்குக் கூட. எல்லாரும் சொந்தம், ஒருவர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒருவர் நின்ற ஞானப்பெற்றோர், ஒரே கோவில். அளக்கப் போன இடத்தில் அவருடைய சிநேகிதன் வின்சென்ட்டின் தாயார் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏய்யா இருதயம், கடன் வாங்கித் தளம் போட்டிருக்கோம். இந்த ஒரு தடவ ஓடுன்னே எழுதிரு." எழுதினார். அடுத்த வீட்டில் அதையே கேட்டார்கள். அங்கேயும் எழுதினார். நாற்பத்து மூன்று வீடு. ஒரு பைசா வாங்கவில்லை, ஒரு காபி கூடக் குடிக்கவில்லை. அதனாலேயே அது தப்பென்று அவருக்குத் தோன்றவில்லை. ரெண்டாயிரத்தெட்டிலும் ஓடுதான். அந்த வீடுகளுக்கு மேல் மாடி வந்தபோதும் ஓடுதான். புதுத்தெருவில் மட்டும் டேப் போட்டு அளந்ததை அளந்தபடி எழுதினார். 2022-ல் அரசாங்கம் வரியை உயர்த்தியபோதும் பழைய தொகை மேல்தான் சதவீதம் போட்டு ஏற்றினார்கள். கோணல் அப்படியே சேர்ந்து பெருத்தது. முருகம்மாளின் ஒன்றரை அறைக்கு, வின்சென்ட்டின் ரெண்டு மாடி வீட்டை விட வரி அதிகம்.

"இங்க ஓட்டுப் போட்டு, சட்டம் எழுதி, கோர்ட்டுல ஜெயிச்சுச் செஞ்சத, நான் ஒரு பால்பாயிண்ட் பேனாவுல செஞ்சிருக்கேன் ஆத்தா. செஞ்சிட்டு, எனக்கு ரெண்டு அளவு கெடையாதுன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். அவ குழாய வேற புடுங்கிருக்கேன்."

பெனிஷா அப்போது சொன்ன பதில், "விடுங்கப்பா, பழைய கதை." அவளுக்கு எட்டரை மணிக்கு மீட்டிங்.

2024 பிப்ரவரியில் ஊர் திரும்பினார். தவக்காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் கோவில் முற்றத்தில் நிற்கிற நேரம். இருதயம் சுய மதிப்பீட்டுப் படிவங்களை ஒரு கட்டாகக் கொண்டுபோனார். அவரவர் வீட்டை அவரவரே அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடலாம், அளக்கத் தானே வருகிறேன் என்றார். முதலில் சிரித்தார்கள்.

வின்சென்ட் திராட்சை வியாபாரி. இருதயத்துக்கு ஒண்ணாங்கிளாசிலிருந்து சிநேகிதன். "ஏலே இருதயம், அமெரிக்கா போயிட்டு வர்றவன் டாலரக் கொண்டு வருவான், சென்ட்டு பாட்டிலக் கொண்டு வருவான். நீ வரியக் கொண்டு வந்திருக்கியே" என்றார்.

"உனக்குக் கொண்டு வரலடா. நீ கட்டாம விட்டத ஞாபகப்படுத்துறேன்."

"நாங்களாவா விட்டோம்? எழுதுனது யாரு?"

"நான்தான். அதான் நானே வந்து நிக்கிறேன்."

"கட்டுனா மட்டும் என்ன செஞ்சு கிழிக்கப் போறாக? அங்கன பாரு, சாக்கடை. மூணு வருஷமா மூடி இல்ல."

"மூடி எங்கன்னு கேளு. கேட்டுக்கிட்டே கட்டு. கட்டாம எப்படிடா கேப்ப?"

நாலைந்து வாரம் இப்படிப் போனது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். பழையபடி கதவுகள் சாத்திக்கொண்டன. இந்தத் தடவை உள்ளேயிருந்து குரல் எதுவும் வரவில்லை. நாற்பத்து மூன்றில் ஒரு படிவம் கூடத் திரும்பவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழா. அதற்கு ஜூலையில் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள், கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு என்று. பணக்காரன், ஏழை எல்லாருக்கும் ஒரே தொகை. அந்த வரியைக் கட்டினவர்தான் ஊர்க்காரர். கொடியேற்றத்தில் பேர் வாசிப்பதும், சப்பரம் வாசலில் நிற்பதும், சாவுக்குக் கோவில் மணி அடிப்பதும் அதைப் பொறுத்தது. வரியைக் கொடுக்காதவன்கூடக் கொஞ்சம் ஏச்சு வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் கொடுத்துவிடலாம். வரியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அவன் ஊரில் இல்லை.

அந்த வருஷம் தெருவில் எல்லா வீட்டிலும் பிரித்தார்கள். இருதயம் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு வின்சென்ட் வீட்டுக்கே போனார். அந்த வருஷம் வின்சென்ட்தான் பொருளாளர். ரசீது புத்தகத்தைத் திறக்காமலே வின்சென்ட் சொன்னார்.

"கமிட்டில முடிவு. உனக்கு வரி இல்ல."

"இத்தன வருஷம் நான் வரி கேட்டப்ப எல்லாரும் இல்லன்னாக. இப்ப நான் குடுக்குறேன், வாங்க ஆள் இல்லையா?"

"படிவத்தக் கிழிச்சுப் போடு. நாளைக்கே வாங்கிக்கிறேன்."

கிழிக்கவில்லை. கொடியேற்றத்தில் நாற்பத்து மூன்று குடும்பத்தின் பேர் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. இருதயம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிப் பேர் வரை கேட்டார் என்று செலின் போனில் சொன்னாள்.

பொங்கலுக்கு வந்தபோது பெனிஷா இதைப் பேசவில்லை. தொட்டி வால்வைப் பேசினாள். அதுதான் அவளுக்குத் தெரிந்தது.

2025 ஜூலையிலும் அவரிடம் தலைக்கட்டு வரியை வாங்கவில்லை. அந்த மாதம் ஆறாம் தேதி, ஞாயிறு, இருதயம் போன் செய்தார். முந்தின வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தாகியிருந்தது. 2017-ல் தற்காலிகம் என்று சொல்லிக் குறைத்த வரிகளில் பெரும்பகுதியை நிரந்தரமாக்கிய சட்டம்.

"நிரந்தரம்னு போட்டுட்டாகளாமே? பேப்பர்ல பாத்தேன். ஏழைகளுக்கான வைத்தியச் செலவுலயும் வெட்டுறாகளாம். இந்த ஒரு தடவன்னு சொல்லி ஆரம்பிக்கிறது எல்லாம் அங்கனதான் போயி முடியுது." பிறகு குரலை இறக்கி, "ஆத்தா, நான் பேரூராட்சி செயல் அலுவலருக்கு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். நாப்பத்தி மூணு வீட்டுக்கும் நான்தான் பொய்யா எழுதுனேன்னு. நம்பர் வாரியா" என்றார்.

பெனிஷாவுக்கு ஆத்திரம் வந்தது. அம்மா ரெண்டு நாளுக்கு முன்பு அழுதிருந்தாள். பால்காரர் தவிர யாரும் வீட்டுப் படி ஏறுவதில்லை.

"எழுதிக் குடுத்தா உங்க பென்ஷனப் பிடிச்சு வைப்பாங்க. ஊருக்குள்ள ஒரு ஆள் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. நாளைக்கு நீங்க செத்தா தூக்க நாலு பேர் வர மாட்டாங்கப்பா. இங்க ஒரு நாடே நிமித்த முடியாதத நீங்க ஒரு ஆள் நிமித்தப் போறீங்களா? அம்மாவுக்காகவாவது விடுங்க."

"சரித்தா. எழுதல" என்றார். "முருகம்மாகிட்ட மட்டும் சொல்லிர்றேன். அதுக்கு யாரு பெர்மிஷனும் வேணாம்ல?"

"அது உங்க இஷ்டம்."

அவர்களுடைய கடைசி நீண்ட பேச்சு அதுதான்.

முருகம்மாள் வீட்டில் இருப்பது ஞாயிறு மட்டும். முதல் ஞாயிறு அவள் லோயர் கேம்ப்பில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரெண்டாவது ஞாயிறு இருதயம் புதுத்தெரு முக்கு வரை போனார், அவள் வாசலில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், திரும்பிவிட்டார். மூன்றாவது ஞாயிறு சாரல் விடாமல் அடித்தது. நாலாவது ஞாயிறு சட்டை போட்டு, செருப்பை மாட்டி, படியிறங்கி, திரும்ப ஏறி வந்து உட்கார்ந்தார். "என்னான்னு ஆரம்பிக்கிறதுன்னு வர மாட்டேங்குது செலினு" என்றார். "அடுத்த வாரம் போறேன்."

வியாழக்கிழமை காலை பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்தார். தேனிக்குக் கொண்டுபோகிற வழியில், சின்னமனூர் தாண்டுவதற்குள், முடிந்துவிட்டது.

பெனிஷா வந்து சேர முப்பத்திரண்டு மணி நேரம் ஆனது. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. திருவிழா நடந்துகொண்டிருந்த தெருவில் ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றி நாற்பத்து மூன்று வீட்டு ஜனமும் நின்றது. அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. கோவில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்க ஆண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு தோள் கொடுத்தார்கள். முன்பக்கம் வின்சென்ட். எழுபதை நெருங்கும் மனுஷர், கல்லறை வரைக்கும் தோளை மாற்றவில்லை. தூக்க நாலு பேர் வர மாட்டார்கள் என்று அவள் சொன்னதை யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்ட ஒருத்தர் பெட்டிக்குள் இருந்தார்.

ஏழாம் நாள் வின்சென்ட் வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்தார். பிறகு பையிலிருந்து ரசீது புத்தகத்தை எடுத்தார்.

"ஆத்தா, இந்த வருஷத் தலைக்கட்டு வரி. வாங்கிக்கிறோம். நாளைக்குச் சப்பரத்துல மாதா வாசலுக்கு வரணும்ல."

பெனிஷா முழுத் தொகையை எடுத்து நீட்டினாள். வின்சென்ட் எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திரும்ப வைத்தார்.

"அரை வரிதான். புருஷன் இல்லாத வீட்டுக்கு அரை வரி. அது ஊர் வழக்கம்." ரசீதை எழுதிக் கிழித்தார். "அவன் குடுத்தப்ப வாங்கிருக்கலாம் பெனி. வாங்கிருக்கலாம்."

செலின் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெனிஷா ரசீதை வாங்கினாள். அம்மா பேர் எழுதியிருந்தது. அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.

அவளுடைய விமானம் செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது. பூசைக்குப் போகாமல், அப்பா விட்டதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, புதுத்தெருவுக்குப் போனாள். அப்பா திரும்பி வந்த முக்கைத் தாண்டினாள். முருகம்மாள் முறத்தில் மொச்சைப்பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைத் தெரிந்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"பில் கலெக்டர் சார் மகதான? வா தாயி. நான் வர முடியல, ஜீப்புல ஏறின பெறகுதான் சேதி தெரியும். மறுநா வந்தேன், அடக்கம் முடிஞ்சுபோச்சுன்னாக." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "என்ன சேதியா வந்த?"

பெனிஷா முந்தின இரவே தயார் செய்து வைத்திருந்தாள். மூன்று வாக்கியம். அப்பா எங்கள் தெருவுக்குக் குறைத்து எழுதினார். உங்களுக்கு முழுசாக எழுதினார். அதைச் சொல்லத்தான் அவர் வர இருந்தார்.

"சும்மா பாக்க வந்தேம்மா."

"உங்கப்பா இருந்த வரைக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு பாப்பா" என்றாள் முருகம்மாள். "என் குழாயப் புடுங்குனாக. அன்னைக்கு மண்ண வாரித் தூத்துனேன், இல்லங்கல. பெறகு யோசிச்சேன். எனக்குன்னா தனியாவா செஞ்சாக? உங்க தெருவுல பாக்கி வச்சிருந்தாலும் இதேதான செஞ்சிருப்பாக. அந்த டேப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான? அந்த ஒரு நெனப்புலதான் ஆட்ட வித்துக் கட்டுனேன். மனசு ஆறிப்போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெனிஷாவைப் பார்த்தாள். "ஒண்ணுதான தாயி?"

பெனிஷா முறத்தைப் பார்த்தாள். சொத்தைப் பயறு ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"ஆமாம்மா" என்றாள். "ஒண்ணுதான்."

முருகம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். கட்டாயப்படுத்தி ஒரு தம்ளர் வரக்காப்பி கொடுத்தாள். பெனிஷா குடித்தாள், எழுந்தாள், வருகிறேன் என்றாள்.

வீட்டில் செலின் வாசலிலேயே நின்றிருந்தாள். "சொல்லிட்டியாத்தா?" என்று கேட்டாள்.

இல்லை என்று பெனிஷா தலையசைத்தாள். இருதயம் புதுத்தெருவில் சொல்ல வேண்டியது அப்படியே இருந்தது.